நீலக் கட்டத்தை அமுக்கியது நான்தான்

ஐயா,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி. போனில் சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை வாயெடுத்தேன். நீ "சொல்லும்மா, மீட்டிங் இருக்கு" என்பாய். நான் "ஒன்றுமில்லை, சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். எழுதினால் நீ நடுவில் பேச முடியாது, நானும் நடுவில் பயந்து நிறுத்த முடியாது. ரப்பர்த் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் ஆண்டோடு நின்ற கை இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். கையெழுத்து கோணலாக இருப்பது வயசால் இல்லை, நான்கு நாளாக எழுதி எழுதிக் கிழித்ததால்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய், "அப்பா திதிக்கு வர்றப்ப அந்தப் பழைய லேப்டாப்ப தூக்கிப் போட்டுருவோம்மா, இல்லாட்டி எல்லாத்தையும் அழிச்சிட்டு யாருக்காவது கொடுத்துருவோம், அதப் பாத்தாலே எனக்கு என்னமோ பண்ணுது" என்று. நான் சரி என்றேன். சரி இல்லை ஐயா. அதைத் தூக்கிப் போடவும் கூடாது, அழிக்கவும் கூடாது. ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் அந்தத் தீபாவளி நாளைப் பற்றிப் பேச வேண்டும். நீயும் நானும் அதைப் பற்றி இதுவரை பேசியதே இல்லை. ஆவணியில் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால், செத்துப்போன மனுசனின் பேர் உன் மனதில் சுத்தமாக வேண்டும். நான் சொல்லாவிட்டால் சொல்வதற்கு வேறு ஆள் கிடையாது.

அந்த லேப்டாப் நீ காலேஜில் வைத்திருந்தது. வேலை கிடைத்துப் புதுசு வாங்கியதும் இதை எங்களிடம் விட்டுவிட்டு மெல்பர்னுக்குப் போனாய். உன் அப்பா அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, தூசி படாமல் என் பழைய தாவணித் துணியைப் போட்டு மூடி வைப்பார். அக்கரையில் பிறை ஊரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு வாங்கிய மனுசன், அறுபது வயதில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி கரண்ட் பில் கட்டக் கற்றுக்கொண்டார். ஆஸ்பத்திரி தேதி வாங்கக் கற்றுக்கொண்டார். அவருக்கு மலாய் நன்றாகப் படிக்க வரும், இங்கிலீஷ் பாதி வரும். எனக்குத் தமிழ் தவிர எதுவும் வராது. அதனால் எனக்கு அவர் ஒரு சுலபமான வழி சொல்லிக் கொடுத்தார். "இந்தா பாரு, நீலக் கட்டம் வந்தா அமுக்கு. செவப்பா வந்தா என்னைக் கூப்பிடு. ரெண்டும் இல்லன்னா சும்மா இருலா." ஆஸ்பத்திரிப் பக்கத்தில் அது சரியாகத்தான் இருந்தது. நீலத்தை அமுக்கினால் அடுத்த பக்கம் வரும், தேதி வரும். நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடக் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிற வேலையை முட்டி வலியால் விட்ட பிறகு எனக்குப் பகல் பொழுது போகவில்லை. அப்பா இரண்டு மணிக்குக் கோப்பிக் கடைக்குப் போனால் நாலு மணிக்குத்தான் வருவார். கீழ்மாடியில் ஒருத்தி சொன்னாள், கம்ப்யூட்டரில் சீரியல் எல்லாம் சும்மாவே பார்க்கலாம் என்று. அவளே வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தும் வைத்துவிட்டுப் போனாள். அங்கே சீரியல் சும்மா வந்துவிடாது. முக்கோணத்தை அமுக்கினால் வேறு ஏதோ பக்கம் திறக்கும். அதை மூடிவிட்டு மறுபடி அமுக்கினால் இன்னொரு பக்கம் திறக்கும். மேலே மூலையில் மணி படம் போட்டு ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும். அதில் ஒரு வெள்ளைக் கட்டம், ஒரு நீலக் கட்டம். நான் நீலத்தை அமுக்குவேன். பெட்டி போய்விடும், சீரியல் வரும். நல்லதுதானே என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பக்கத்திலும், யார் என்ன கேட்டாலும் நீலம், நீலம், நீலம். அப்படி எத்தனை பேரை வீட்டுக்குள் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

கொஞ்ச நாளில் 'டிங்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. திரையின் கீழே, வலது பக்க மூலையில், யாரோ ஜன்னலில் எட்டிப் பார்ப்பது மாதிரி ஒரு சின்னக் கட்டம் எழும்பும். முதலில் செருப்பு, கைப்பை. பிறகு முட்டி வலித் தைலம். இதற்கு எப்படி என் முட்டியைத் தெரியும் என்று ஆச்சரியப்பட்டேன். பிறகு சுற்றுகிற சூதாட்டச் சக்கரம். அப்புறம் பெண் பிள்ளைகள், மேலே துணி இல்லாமல். நான் சட்டென்று மூடியைச் சாத்திவிட்டேன். அப்பாவிடம் சொல்ல வெட்கம். சீரியலை விடவும் மனசு வரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலில் கொடுத்த முருகன் ஸ்டிக்கர் ஒன்று இருந்தது, இரண்டு விரல் அகலம். அதை எடுத்து அந்த மூலையில் ஒட்டிவிட்டேன். இனி எது வந்தாலும் முருகனுக்குப் பின்னால்தானே வரும், என் கண்ணில் படாது, அவர் கண்ணிலும் படாது என்று.

அப்பா சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "முருகன் என்னடி பாவம் பண்ணாரு? அவருக்கு ஏன் இந்தத் தண்டனை?" என்றார். அவருக்குத் தெரிந்துபோய்விட்டது. ஆனால் எடுக்கவும் இல்லை, என்னை எதுவும் கேட்கவும் இல்லை. படம் மறைந்தது, இடது பக்கம் எழுத்து மட்டும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு தெரியும். அது எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து, அதனால் எனக்குத் தொந்தரவு இல்லை.

அந்தத் தீபாவளிக்கு நீ வந்தாய். நீ கட்டிக்கொள்ளப் போகிற தர்ஷினியின் வீட்டுக்காரர்கள் முதல் தடவையாக புக்கிட் மெர்தாஜாமிலிருந்து நம் வீட்டுக்கு வந்தார்கள். அவள் அப்பா தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டுக்குள் வரும்போதே நான்கு பேர் எழுந்து நிற்பார்கள். நான் காலை ஐந்து மணியிலிருந்து சமைத்தேன். சாப்பிட்டு முடித்ததும் நீ மெல்பர்ன் படங்களைக் காட்டுகிறேன் என்று லேப்டாப்பிலிருந்து டிவிக்கு வயர் போட்டாய். முருகன் லேப்டாப்பில்தான் இருக்கிறார், டிவியில் இல்லை. உன் அலுவலகம், உன் வீடு, டிராம் வண்டி என்று ஒவ்வொரு படமாகப் போனது. பிறகு 'டிங்'. நம் நாற்பது அங்குல டிவியில், தலைமை ஆசிரியருக்கு முன்னால், அந்தப் பெண். நீ மூடினாய். 'டிங்', இன்னொருத்தி. மூன்றாவது வந்தபோது நீ வயரையே பிடுங்கினாய். தர்ஷினியின் அம்மா கையிலிருந்த முறுக்குத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ அப்பாவை அடுப்படிக்குக் கூப்பிட்டுப் பேசினாய். நம் வீட்டு அடுப்படிக்குக் கதவு இல்லை, திரைச்சீலைதான். நீ மெதுவாகத்தான் பேசினாய், ஆனால் கூடத்தில் ஒருவர்கூடப் பேசாததால் எல்லாம் கேட்டது. "இந்த வயசுல இதெல்லாம் தேவையாப்பா? அசிங்கமா இல்ல? நான் யாரக் கூட்டிட்டு வந்துருக்கேன்னு தெரியுமா? என் மூஞ்சிய எங்கப்பா வச்சிக்குவேன்?" என்றாய். நான் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன், கையில் பாயசக் கரண்டி. அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு உன்னைப் பார்த்து, "தப்புதான்யா. இனிமே பாத்துக்கிறேன்" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் அரை நிமிசத்தில் முடிந்திருக்கும். 'நான்தான்யா, சீரியல் பார்க்கப் போய் எதையோ அமுக்கிவிட்டேன்' என்றால் நீ என்னையும் திட்டியிருப்பாய், பிறகு சிரித்திருப்பாய். ஒரு அம்மாவை யாரும் அந்த மாதிரி நினைக்க மாட்டார்கள். ஒரு கிழவனை உடனே நினைத்துவிடுவார்கள். அது எனக்கு அப்போதே தெரியும், ஐயா. தெரிந்துதான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எல்லோரும் போன பிறகு அவரிடம் கேட்டேன், ஏன் இப்படித் தலையில் போட்டுக்கொண்டீர்கள் என்று. "சம்பந்தி முன்னால ஒருத்தர் மானம் போனா போதும்லா. ரெண்டு பேரும் எதுக்கு?" என்றார். நான் அவனிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். "விடு. நாலு நாள்ல அவனே மறந்துருவான்." நீ மறக்கவில்லை. பாயான் லெப்பாஸில் விமானம் ஏறும்போது அவர் உன் பையைத் தூக்க வந்தார். "நானே எடுத்துக்குறேன்" என்று வாங்கிக்கொண்டாய். அவர் காலியான கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். அதை நீ பார்த்திருக்க மாட்டாய், திரும்பிவிட்டாய்.

அதற்குப் பிறகு நீ வாரா வாரம் எனக்குக் கூப்பிடுவாய். கடைசியில், "அப்பா நல்லா இருக்காரா?" என்பாய். "இருக்கார்" என்பேன். அவர் அந்தப் பக்க நாற்காலியில்தான் இருப்பார். போனை நீட்டினால் கையைக் காட்டிவிடுவார். எனக்கு உறுத்திக்கொண்டேதான் இருந்தது. ஆனால் ஒரு மாதம் போனதும் ஒன்று நடந்தது. காலையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கோப்பி குடிப்பாரல்லவா, அப்போது ஒருநாள், "பையன் ஊர்ல இன்னைக்கு வெயில் கொளுத்துதாம்லா" என்றார். இன்னொரு நாள், "அங்க மழையாம்". அங்கே குளிர் தொடங்கியபோது, "ஏழு டிகிரியாம். ஸ்வெட்டர் போட்டிருப்பானா?" என்றார். "அவனிடம் பேசினீங்களா?" என்று கேட்டேன். "ம்" என்றார். தினமும் ஏதாவது ஒன்று. நான் என்ன நினைப்பேன்? அப்பனும் மகனும் எனக்குத் தெரியாமல் பேசிக்கொள்கிறார்கள், சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் பொறாமைகூட வந்தது. அதைவிட நிம்மதி வந்தது, இனி நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த நிம்மதிக்காகவே நான் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

பிறகு அந்தக் காலை. லிஃப்ட் கெட்டிருந்தது, பாசாரிலிருந்து காய்கறிச் சாமானைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தவர் மூன்றாவது மாடியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அதை எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். நீ வந்தாய். பத்து லஞ்சாங் சுடுகாட்டில் எல்லாம் முடிந்து வந்து, அதே படியில் உட்கார்ந்து, "ஏழு மாசம்மா. ஒரு வார்த்த பேசல. நானும் கூப்புடல, அவரும் கூப்புடல" என்று அழுதாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தினமும் பேசினீர்களே என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அப்படியானால் அவர் என்னிடம் பொய் சொன்னாரா என்று அன்றைக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது, பார். உன்னிடம் உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். சொன்னால் நீ உடைந்துபோவாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். பயம்தான். வீட்டுக்காரரையும் பறிகொடுத்துவிட்டு, பிள்ளையும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டால் நான் எங்கே போவேன் என்ற பயம்.

அதற்குப் பிறகு அந்த லேப்டாப்பைத் தொடவே இல்லை. போன மாதம்தான் திறந்தேன், திதிக்கு மாலை போட நல்ல படம் ஒன்று எடுக்கலாம் என்று. அவர் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. திறந்ததும் அந்தச் சின்னக் கட்டங்கள் ஈசல் மாதிரி வந்தன. ஒன்றை மூடினால் இரண்டு. பிறகு திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. பீப் பீப் என்று அலறல், ஒரு பொம்பளைக் குரல் இங்கிலீஷில் ஏதோ மிரட்டுகிறது, பெரிய எழுத்தில் ஒரு போன் நம்பர். செவப்பா வந்தா என்னைக் கூப்பிடு என்று சொல்லியிருந்தாரே. நான் கூடத்தில் நின்றுகொண்டு, ஐயா, பழக்கத்தில் உள்ளறையைப் பார்த்துக் கூப்பிட்டே விட்டேன். "என்னங்க, செவப்பு வந்துருச்சு" என்று. பிறகுதான் நினைவு வந்தது. அது பாட்டுக்கு அலறிக்கொண்டிருந்தது. நான் தாவணித் துணியைப் போட்டு மூடிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் அதைப் பாசார் பையில் வைத்து, பஸ் ஏறி, கொம்தார் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் மாடியில் கடை வைத்திருக்கிற பாயிடம் கொண்டுபோனேன். ஐம்பது வயது இருக்கும், மூக்கில் கண்ணாடி. திறந்து பார்த்ததும், "என்னக்கா, முருகன வேற கூட்டிட்டு வந்துருக்கீங்க" என்றார்.

"அத எடுத்துராதீங்க பாய்."

"நான் எதுக்குக்கா எடுக்குறேன்? அவரு இருக்கட்டும். மத்தவங்கள வெரட்டுவோம். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுத் தரவா? அரை மணி நேரத்து வேல."

"அழிக்கக் கூடாது. அவரு வச்சதெல்லாம் அதுலதான் இருக்கு."

"யாரு, அண்ணனா?"

"போயி பதினொரு மாசம்."

பாய் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். "அப்ப உக்காருங்க. ஒன்னொன்னா பாப்போம்" என்றார்.

அந்தச் சிவப்புத் திரை வெறும் படம்தானாம். உள்ளே ஒரு கிருமியும் இல்லை, பயம் காட்டி நம்மை அந்த நம்பருக்குக் கூப்பிட வைப்பதுதான் வேலையாம். கூப்பிட்டால்தான் வினை. மூட முடியாவிட்டால் கம்ப்யூட்டரையே நிறுத்திவிட்டுத் திறந்தால் போதும் என்றார். பிறகு எங்கேயோ உள்ளே போய் ஒரு பெரிய பட்டியலைத் திறந்தார். வரி வரியாகப் பெயர்கள். "பாருங்கக்கா. இவனுங்க யாரும் சொவரேறிக் குதிச்சு வரல. எல்லாரும் வாசல்ல நின்னு, வரட்டுமான்னு கேட்டுட்டுத்தான் வந்துருக்கானுங்க. வீட்டுல யாரோ வா, வான்னு சொல்லிருக்காங்க."

"நான்தான் பாய்" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து முதல் தடவையாக வந்தது, முன்னே பின்னே தெரியாத மனுசனிடம். பிறகு நிறுத்த முடியவில்லை. சீரியல், நீலக் கட்டம், தீபாவளி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "அந்த மாதிரிப் படம் வர்றதுக்கு அந்த மாதிரிப் பக்கத்துக்குப் போகணும்னே இல்லக்கா. சமையல் குறிப்பு பாக்கப் போனாலும் வரும். உங்க மகனுக்கு இது தெரியாதா? கம்ப்யூட்டர் வேலைதானே பாக்குறாரு?" என்றார். தெரிந்திருக்கும் என்றேன். கோபத்தில் இருக்கிறவனுக்குத் தெரிந்தது நினைவுக்கு வருமா?

அவர் ஒவ்வொரு பெயராகத் துரத்திக்கொண்டே வந்தார். பிறகு வேறோர் இடத்துக்குப் போய், "இது யாரு போட்டது? குப்பையக் கூட்டுறேன்னு சொல்லிட்டுக் குப்பையக் கொட்டுறவன்" என்றார். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி ஏமாற்றுகிற சாமானாம். அதை உள்ளே போட்ட தேதியும் அதிலேயே இருந்தது. படித்துச் சொன்னார். நீ விமானம் ஏறிய அன்றைக்கு, ஐயா. எனக்கு ஞாபகம் வந்தது. விமான நிலையத்திலிருந்து வந்து சட்டைகூடக் கழற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்தார். திரையில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. "மருந்து போட்டுட்டேன். இனிமே அவன் வந்தா ஒன்னும் வராது" என்றார். உன்னிடம் கேட்டிருந்தால் நீ ஒரு நிமிசத்தில் சொல்லியிருப்பாய், அதைப் போடாதீங்கப்பா என்று. உன்னிடம் கேட்க அவருக்கு வாய் இல்லாமல் போய்விட்டது.

அந்தப் பெயர்ப் பட்டியலில் கடைசிப் பெயர் வந்தபோது பாய் நின்றார். "அக்கா, இது மட்டும் நல்லவன். இது வானிலை. இத நீங்க போட்டிருக்க மாட்டீங்க. ஊரத் தேடி எடுத்து, தினமும் காலையில எனக்குச் சொல்லுன்னு ஒருத்தர் உக்காந்து எழுதிக் குடுத்துருக்காரு" என்றார்.

"என்ன ஊரு?"

"மெல்பர்ன்."

உன் அப்பா என்னிடம் பொய் சொல்லவில்லை ஐயா. நான்தான் தப்பாகக் கேட்டுக்கொண்டேன். அந்த எல்லாக் குப்பைக்கும் நடுவில், அத்தனை அம்மணத்துக்கும் சூதாட்டத்துக்கும் நடுவில், அவர் தானாக உள்ளே விட்டது அந்த ஒன்றைத்தான். ஒவ்வொரு காலையும் அந்தக் கண்றாவிகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டு, முருகனுக்குப் பின்னாலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற எழுத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். நீ கூப்பிடவில்லை, அவருக்கும் கூப்பிட முடியவில்லை. ஆனாலும் உன் தலைமேல் மழை பெய்கிறதா இல்லையா என்று தெரியாமல் அவர் ஒருநாளும் கோப்பியை முடித்ததில்லை. அழிக்கவா வைக்கவா என்று பாய் கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே வைத்துவிட்டார்.

அடுத்த நாள் அக்கரைக்கு ஃபெர்ரி ஏறி, பஸ் மாறி, புக்கிட் மெர்தாஜாம் போனேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அங்கே சொல்லிவிட்டால் பிறகு எனக்குத் திரும்ப வழியில்லை. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன், உட்காரக்கூட இல்லை. சம்பந்தியம்மா முழுசும் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். "அட நீங்க ஒன்னுங்க. எங்க வீட்டு வாத்தியாரு மூனு தடவ புதுப் போன் ஜெயிச்சிட்டாரு. வாழ்த்துகள்னு வரும், இவரும் பேரு, அட்ரெஸ் எல்லாம் எழுதிக் குடுத்துருவாரு. இன்னும் ஒரு போனும் வந்து சேரல" என்றார். தலைமை ஆசிரியர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ரெண்டு தடவதான்" என்றார். அந்தத் தீபாவளிக்கு மறுவாரமே அவர் வீட்டிலும் அதே மாதிரிப் படம் வந்ததாம். அதனால் உன் அப்பாவை அவர்கள் தப்பாக எண்ணவே இல்லையாம். நாம் வெட்கப்படுவோமே என்று அந்தப் பேச்சை எடுக்காமல் இருந்தார்களாம். ஐயா, அந்த அசிங்கம் நம் வீட்டுக்குள் மட்டும்தான் இருந்திருக்கிறது. திரும்பி வரும்போது ஃபெர்ரியில் அழுதேன். காற்று பலமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனாலும் அம்மா என்பதால் சொல்கிறேன். தர்ஷினி நல்ல பெண். ஒருநாள் அவளும் ஏதாவது தவறாக அமுக்கிவைப்பாள், நீயும் அமுக்கிவைப்பாய். அப்போது, யார் செய்தது என்று கேட்பதற்கு முன்னால், என்ன நடந்தது என்று கேள். நாலு பேர் முன்னால் கேட்காதே. உன்னிடம் ஒருத்தர் 'தப்புதான்' என்று உடனே ஒத்துக்கொண்டால், அவர் யாரையாவது மறைத்துக்கொண்டு நிற்கிறாரா என்று ஒரு தடவை அவருக்குப் பின்னால் எட்டிப்பார். அன்றைக்கு நீ எட்டிப் பார்த்திருந்தால் கரண்டியோடு நான் நின்றிருப்பேன். உன்மேல் பழி போடவில்லை. நீ சத்தம் போட்டது ஐந்து நிமிசம், நான் வாயை மூடிக்கொண்டிருந்தது ஒன்றரை வருசம். எது பெரிசு என்று எனக்குத் தெரியும். கோபப்பட வேண்டுமென்றால் என்மேல் படு. வந்து நேரில் கத்து. போனை மட்டும் வைத்துவிடாதே. ஒரு ஆளிடம் பேசாமல் இருப்பது எப்படி முடியும் என்று இந்த வீட்டில் ஒருதடவை பார்த்துவிட்டோம்.

இப்போது அந்த லேப்டாப் அமைதியாக இருக்கிறது. இனிமேல் எந்தப் பக்கமும் உள்ளே வரட்டுமா என்று கேட்கவே முடியாதபடி பாய் அடைத்துக் கொடுத்துவிட்டார். சீரியல் பக்கத்துக்கு நான் போவதில்லை. பாதியில் விட்ட கதை என்ன ஆனதோ, தெரியவில்லை. கேட்கவும் மனசில்லை. சில சமயம் பகலில் அந்த 'டிங்' சத்தம் இல்லாமல் வீடு ரொம்பப் பெரிசாகத் தெரிகிறது. அசதியாக இருக்கிறது, ஐயா. படம் எடுத்துவிட்டேன், நல்லா இருக்கு என்று நீ எப்போதும் சொல்வாயே, அந்த நீலச் சட்டைப் படம்தான். திதிக்கு நீ வந்ததும் அதற்கு முதல் மாலையை நீ போடு.

முருகனை மட்டும் எடுத்துவிட்டேன். தேங்காய் எண்ணெய் தொட்டு, கிழியாமல், மெதுவாக உரித்து சாமி மேடையில் ஒட்டிவிட்டேன். அந்த மூலையில் இனி மறைக்க ஒன்றுமில்லை. காலையில் நானும் இப்போது கோப்பியோடு அங்கே உட்காருகிறேன். அந்த எழுத்து எனக்குப் படிக்க வராது. ஆனால் நம்பர் வரும், பக்கத்தில் படமும் வரும். இன்றைக்கு ஒன்பது, மேகத்துக்குக் கீழே மூன்று கோடு. குடை எடுத்துக்கொண்டு போ.

அம்மா